பள்ளத்து வீட்டுப் பால்கனி

எங்கள் ஊரில் சாஸ்திரம் படித்தவர்கள் என்று யாரும் கிடையாது. பூசாரி சங்கிலிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் உடுக்கடிப்பதும் விபூதி கொடுப்பதும்தான். ஆனாலும் பெரிய வீட்டுக்காரர்களுக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய சாஸ்திரம் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருசம் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் அப்படி ஒன்று வந்தது. சின்னத்தாய் தன் வீட்டுப் பால்கனியை ஜோடித்திருக்காவிட்டால் அது வந்திருக்காது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பேர் ஆண்டிச்சாமி. நாரணாபுரத்துக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருசம் போர்மேனாக இருந்தேன். போர்மேன் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷெட்டு ஷெட்டாகப் போய்த் தலை எண்ணுவதுதான் வேலை. ஒரு ஷெட்டுக்கு நாலு பேர் என்பது சர்க்கார் சட்டம். ஐந்தாவது தலை உள்ளே தெரிந்தால் நான் கத்துவேன். கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை இப்படி ஆகிப்போனது. சின்னத்தாய் என்னுடைய கம்பெனியில் லேபிள் ஒட்டியவள். எங்கள் கீழத்தெருவில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. என்னை அண்ணே என்பாள்.

அவளுடைய அப்பனும் ஆத்தாளும் மேலத்தெருக் கோட்டைச்சாமி ஐயா வீட்டு நிலத்தில் பருத்தியும் வத்தலும் எடுத்துக் காலத்தை ஓட்டியவர்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதே கதைதான். பட்டாசுக் கம்பெனி வந்த பிறகு தெருவே காட்டைவிட்டு ஷெட்டுக்கு மாறியது. வெயிலுக்குப் பதில் வெடிமருந்து, ஐயாவுக்குப் பதில் போர்மேன். பெரிய விமோசனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் யாரையும் கூப்பிட்டு வேலை வாங்க முடியாது. அது சின்ன விசயமில்லை.

சின்னத்தாய்க்குப் பதினைந்து வயதில் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆசை. அதை ஆசை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அவள் சொல்லவும் மாட்டாள். ஒரு பங்குனிப் பொங்கல் கழிந்த மறுநாள் ஷெட்டில் லேபிள் ஒட்டிக்கொண்டே தன்னையறியாமல் வாயைவிட்டாள், நான் வாசலில் நின்று கேட்டேன்.

"கீழ நின்னு எறிஞ்சா எறிஞ்ச மாதிரிதான் இருக்கு. மேல இருந்து போட்டாத்தான் போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

பூவைத்தான் சொன்னாள். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் சப்பரம் மேலத்தெரு வழியாக வரும். கோட்டைச்சாமி வீட்டு மாடி முகப்பில் அவருடைய சம்சாரம் பஞ்சம்மாள் நின்று, கூடை நிறைய மல்லிகையும் செவ்வந்தியும் கையால் அள்ளி அள்ளிக் கீழே விடுவார். அவருக்கு அது நேர்ச்சை. மூத்த மகனுக்கு அம்மை போட்டுப் பிழைத்தபோது, வருசா வருசம் உன் தலையில் பூச்சொரிகிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டார். எங்கள் தெருப் பெண்கள் ரோட்டில் நின்று அரளிப் பூவை மேலே எறிவார்கள். சப்பரத்துக்கு எட்டாது. சப்பரத் தண்டைத் தோளில் தூக்கிப்போகும் ஆள்களின் மூக்கில் பட்டு அவர்கள் தும்முவார்கள். ஒரு வருசம் சின்னத்தாய் எறிந்த பூ ஒருவன் வாய்க்குள் போய்விட்டது. அம்மனுக்குப் போட்ட பூவை அவன் தின்றுவிட்டான் என்று ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அப்பேர்ப்பட்டவள்.

அவள் வீடு இருந்த இடம் எங்கள் தெருவின் முனை. மேலத்தெரு முடிந்து கீழத்தெரு ஆரம்பிக்கிற மூலை. சப்பரம் கீழத்தெருவுக்குள் வந்ததே இல்லை, அந்த மூலையோடு திரும்பிவிடும். ஆனால் நீளமான தண்டுகளை வைத்துக்கொண்டு திருப்புவது லேசான காரியமா? ஒரு அடி முன்னே, ரெண்டு அடி பின்னே என்று நாலைந்து நிமிசம் ஆகும். ஆக ஊரில் எந்த வீட்டு வாசலிலும் நிற்காத அம்மன், எங்கள் தெருவுக்குள் வர மனசில்லாத அம்மன், சின்னத்தாய் வீட்டுக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பாள். இதை ஊரில் ஒருத்தரும் கவனித்ததில்லை. அவள் மட்டும் கவனித்து வைத்திருந்தாள்.

அவள் புருசன் சோணைமுத்து சிவகாசியில் ஒரு அச்சாபீசில் தாள் தூக்குகிறவன். வாயில்லாத பூச்சி. ரெண்டு பேரும் பதிமூன்று வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அறுபதாம் வருசம் கூரையைப் பிரித்துவிட்டுக் காரைவீடு கட்டினார்கள். கொத்தனார் சங்கையா. மாடியில் ஒரு அறை, அதற்கு முன்னால் ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி. மூன்றடி அகலம், எட்டடி நீளம். சங்கையா அவளிடம் அஸ்திவாரத்தை இன்னும் மூன்றடி உயர்த்தச் சொன்னார். வீடு பள்ளத்தில் இருந்தது. எங்கள் சனத்துக்கு ஊரில் விட்ட இடமே பள்ளம்தான். அதிலும் பஞ்சாயத்தில் மூன்று தடவை செம்மண்ணும் சரளையும் கொட்டி ரோட்டை ஏற்றியதில், அவள் வாசலுக்கு ரோட்டிலிருந்து ரெண்டு படி இறங்க வேண்டும். மழை பெய்தால் முதல் விருந்தாளி தண்ணீர்.

"அஸ்திவாரத்த ஏத்தினா பால்கனிக்குச் சிமிட்டி காணாது" என்றார் சங்கையா. "ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"பால்கனி" என்றாள்.

"மழைத்தண்ணி வருமே தாயி."

"வந்தா போகுது. அது வருசத்துல நாலு நாளுதான" என்றாள். அம்மன் வருவது வருசத்தில் ஒரே நாள் என்பதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பால்கனி எழும்பியபோது மேலத்தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சேலை காயப்போடுகிற இடம் என்று நினைத்துவிட்டார்கள். பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கையில் சின்னத்தாய் அதை ஜோடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் அங்கே ஆள் நிற்கப்போகிறது என்று அவர்களுக்கு உறைத்தது.

அந்த ஜோடனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டைச்சாமி வீட்டு மாடியில் ஐம்பத்தோரு அகல்விளக்கு, வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம் எல்லாம் உண்டு. அது ஒரு முறை. சின்னத்தாய்க்குக் கை பழகிய முறை வேறு. சோணைமுத்து அச்சாபீசில் கழித்துப்போட்ட தாள்களைக் கேட்டு வாங்கி வந்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அடிக்கிற லேபிள் தாள், கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனவை. கிளிக்கு மூக்கு ஒரு பக்கம், அதன் சிவப்பு ஒரு பக்கம். சிங்கத்துக்கு மூன்று கண். தாமரை மட்டும் எப்படி அடித்தாலும் தாமரை மாதிரியே இருந்தது. அதையெல்லாம் வெட்டி, மடித்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டி, சங்கிலி சங்கிலியாக மாலை செய்தாள். பசையில் மயில்துத்தம் கலப்பது கம்பெனி வழக்கம், பூச்சி அரிக்காது. பொங்கல் முடிந்ததும் உதிரப்போகிற தோரணத்துக்கு எதற்கு என்று கேட்டால், "பழக்கந்தாண்ணே" என்றாள்.

விளக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. காகிதம் தொங்குகிற இடத்தில் நெருப்பு வைக்க அவள் கை வராது. பதிமூன்று வருசமாக நான் வாசலில் மடியை உதறச் சொல்லித் தீக்குச்சி இல்லை என்று தெரிந்த பிறகு உள்ளே விட்ட பெண் அவள். அதனால் வண்ணக் காகிதத்தில் கூண்டு கூண்டாக விளக்கு செய்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் தொங்கவிட்டாள். எரியாத விளக்கு. தெருவே சிரித்தது. சிரிப்பு அதோடு நிற்கவில்லை. பால்கனியின் ரெண்டு முனையிலும் சிவப்பு வாளி ஒவ்வொன்று மாட்டினாள், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் அப்படித்தான் தொங்கும். அவள் செய்த ஒரே மாற்றம், வாளிகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாலை போட்டது. அம்மன் வருகிற வீட்டில் தீயணைக்கிற வாளிக்கு மாலை விழுந்தது உலகத்திலேயே அங்கேதான் இருக்கும்.

சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம். ஆனால் நாளாக ஆக, சாயங்கால வெயில் மேற்கேயிருந்து அடிக்கும்போது அந்தக் காகிதமெல்லாம் பற்றிக்கொண்ட மாதிரி மினுங்கியது. வேலை விட்டு வருகிற பெண்கள் மூலையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேலத்தெருப் பெண்களும் ரெண்டு பேர் நின்றார்கள். அங்கேதான் வினை.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் கோயிலில் ஊர்க்கூட்டம். சப்பரம் தூக்குகிறவர்கள், கொட்டு, வேட்டு எல்லாம் பேசி முடிந்தது. அப்புறம் கோட்டைச்சாமி ஐயா தொண்டையைச் செருமினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, வைததுகூட இல்லை. வைய வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை என்றும் சொல்லலாம்.

"சின்னத்தாயி மச்சுவீடு கட்டுனது நம்ம ஊருக்கே பெருமை" என்று ஆரம்பித்தார். பெருமை என்று ஆரம்பித்தால் முடிவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "ஆனா ஒண்ணு. அம்மன் தலைக்கு மேல மனுசக் காலு இருக்கப்படாது. அது தெய்வக் குத்தம். மழை தண்ணி பெய்யணும், ஊரு நல்லா இருக்கணும். அதனால சப்பரம் வாரப்ப மாடியில யாரும் நிக்கவேண்டாம்னு ஊரு முடிவு செஞ்சிருவோம்."

பூசாரி சங்கிலிமுத்து ஆமாம் போட்டார். அவருக்கு இந்தச் சாஸ்திரம் அன்றைக்குத்தான் தெரியும், ஆனாலும் பல வருசம் தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருசமாகப் பஞ்சம்மாள் எங்கே நின்று பூப்போட்டார் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் நாற்பது வாய் இருந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. அது வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சின்னத்தாய் பெண்கள் பக்கம், வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் ஏறி நிற்கக் கூடாது என்பதற்காகவே சொன்ன வார்த்தை என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. பால்கனி மிச்சம், அதில் நின்று பூப்போடுவது இல்லை என்றால் பதிமூன்று வருசமும் போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரெண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "அம்மன் தலை எம்புட்டு ஒசரத்துல வருதுன்னு அளந்து சொல்லிட்டீகன்னா, எங்காலு அதுக்குக் கீழ இருக்கா மேல இருக்கான்னு பாத்துக்கிருவேன். மேல இருந்தா நிக்க மாட்டேன்."

இது வாதமில்லை. எங்கள் கம்பெனியில் எதையும் அளக்காமல் செய்ய முடியாது. திரி எத்தனை அங்குலம், மருந்து எத்தனை பிடி, ஷெட்டுக்கு ஷெட்டு எத்தனை அடி தூரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு. ஒருத்தர் கூடாது என்று சொன்னால் எத்தனைக்கு மேல் கூடாது என்று கேட்பதுதான் அவள் பழகிய பழக்கம். கோட்டைச்சாமிக்கு அது சிரிப்பாக இருந்தது. காரியம் முடிந்துவிட்ட தெம்பில், "அளக்கட்டுமே, அதுல என்ன" என்று சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கொத்தனார் சங்கையாவைக் கூப்பிட்டு வந்தார்கள். சப்பரத்தை ஆள்கள் தோளில் தூக்கிக் காட்ட, தரையிலிருந்து அம்மன் கிரீடம் வரைக்கும் மூங்கிலை வைத்துச் சுண்ணாம்பில் கோடு போட்டார். ஒன்பதே முக்கால் அடி. அந்த மூங்கிலைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு வந்தார். பின்னால் ஊர். ரோட்டில் மூங்கிலை நட்டு, பலகை போட்டு, ரசமட்டம் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அய்யா, பால்கனித் தரை எட்டடிதான் வருது" என்றார். "காலு தலைக்கு ஒண்ணேமுக்கா அடி கீழ இருக்கு. தோசமில்ல."

வீடு பள்ளத்தில் இருப்பதை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். ரோட்டை ஏற்ற ஏற்ற அவள் வீடு இறங்கிக்கொண்டே போனது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. எங்களைப் பள்ளத்தில் வைத்தவர்களுக்கே அது மறந்துபோனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சங்கையா வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். மாடியில் நிற்கலாமா என்று பார்க்கச் சொன்னார்கள், ஊரில் இருப்பது ரெண்டு மாடி. யாரும் சொல்லாமலே மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடந்தார். கோட்டைச்சாமி வீட்டு முன்னால் நட்டார். நாலு படி ஏறிப்போகிற உயரமான அஸ்திவாரம், அதற்கு மேல் பழைய காலத்து உயரமான கட்டிடம். ரசமட்டத்தைப் பார்த்துவிட்டுக் கணக்காகச் சொன்னார்.

"அய்யா, இங்கனதான் நாலேகால் அடி இடிக்குது. தரையே பதினாலடி இருக்கு."

கோட்டைச்சாமி ஐயா பூசாரியைத் தனியாகக் கூட்டிப்போய், அம்மன் பீடத்தைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று கேட்டாராம். உயர்த்தினால் கிரீடம் இடித்துச் சப்பரம் கோயில் வாசலைவிட்டு வெளியே வராது என்று சங்கிலிமுத்து சொல்லிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்க விதித்த விதி. அதை மீறினால் மழை பெய்யாது என்று ஐயாவே சொல்லி வைத்திருக்கிறார், மறுநாளே வாயை மாற்ற முடியுமா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவருக்குப் பஞ்சம்மாள் பரிமாறவில்லை என்று அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ராமுத்தாய் எங்கள் தெருவில் வந்து சொன்னாள். எங்களுக்கு வயிறு குளிர்ந்தது. இல்லை என்று பொய் சொல்லத் தயாராக இல்லை.

பஞ்சம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் எங்கள் பெண்களுக்கு மோர் ஊற்றுவார். தாராளமாக ஊற்றுவார். கை படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார். தெருவில் இறங்கி நடக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் நேர்ச்சை என்று ஒன்று இருக்கிறது. ரோட்டில் நின்று பூவை எறிந்தால் சொரிந்ததாகாது, எறிந்ததாகும். வீட்டுக்குள் இருந்துவிட்டால் மகனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இந்த ஊரில் தோசமில்லாமல் மேலே நின்று அம்மன் தலையில் பூச்சொரிய ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்று ராமுத்தாய் அவரிடம் சொன்னாளா, அவராகவே கண்டுபிடித்தாரா தெரியவில்லை.

பொங்கல் அன்று பொழுது சாயும் நேரம். சின்னத்தாய் பால்கனியில் ஏறியிருந்தாள். கூட வள்ளித்தாய், சுப்புத்தாய், அய்யம்மாள். நாலு பேரும் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். வேலை முடித்துப் போகும்போது சங்கையா, "புது காங்கிரீட்டு தாயி, நாலு பேருக்கு மேல ஏத்தாத" என்று சொல்லியிருந்தார். சின்னத்தாய் அதைச் சர்க்கார் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டாள். தெருப் பெண்கள் இருபது பேர் படிக்கட்டில் முட்டினார்கள். சொந்தத் தங்கச்சியைக்கூட இறக்கிவிட்டாள். சின்னத்தாய் கையில் பனையோலைக் கொட்டான், அது நிறைய செவ்வரளி. நான் மூலையில் நின்றேன். சிரித்த தெரு முழுக்க அன்றைக்குப் புதுச்சேலை கட்டி, ஏதோ தங்கள் வீட்டுப் பால்கனி மாதிரி அதைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தது.

கொட்டுச் சத்தம் மேலத்தெருவில் கேட்க ஆரம்பித்த நேரத்தில் கூட்டம் திடீரென்று விலகியது. பஞ்சம்மாள் வந்துகொண்டிருந்தார். பட்டுச்சேலை, இடுப்பில் பூக்கூடை. கூடையை ராமுத்தாயிடம் கொடுக்காமல் அவரே சுமந்து வந்தார். அவ்வளவு தூரம் நடந்து பழக்கமில்லாததால் மூச்சு வாங்கியது. பால்கனிக்குக் கீழே ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

"ஏ சின்னத்தாயி" என்றார். குரலில் கோபமில்லை. "நான் மேல வரவா?"

கேட்டார். அதுதான் விசயம். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரவா என்று கேட்டார்.

மேலே வள்ளித்தாய், சுப்புத்தாய், அய்யம்மாள் மூன்று பேருக்கும் கால் தானாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. பெரிய வீட்டு அம்மாள் வந்தால் எழுந்து இடம் விடுவது எங்கள் சனத்துக்கு எலும்பில் ஊறிய பழக்கம். சின்னத்தாய் கையை நீட்டி மறித்தாள்.

"அம்மா, நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாதுன்னு கொத்தனாரு சொல்லியிருக்காக. நாங்க நாலு பேரு நிக்கோம்" என்றாள்.

ஒருத்தி இறங்கினால் முடிந்தது என்று பஞ்சம்மாள் சொல்லவில்லை, நாங்கள் நூறு பேர் நின்றோம், நாங்களும் சொல்லவில்லை. வேணுமென்றே சொன்னாளா, இல்லை நிஜமாகவே அவளுக்கு அந்த யோசனை தோன்றவில்லையா என்று நான் பின்னால் பல தடவை கேட்டேன். "ஷெட்டுல இருக்கிற ஆள எறக்கிட்டு வெளிய இருக்கிற ஆள ஏத்துவாகளாண்ணே?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். போர்மேன் என்ற முறையில், ஏற்ற மாட்டார்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

கொட்டு நெருங்கிவிட்டது. பஞ்சம்மாள் கண்ணில் நீர் முட்டியது. அவமானமா, நேர்ச்சை தவறிவிடுமோ என்ற பயமா, ரெண்டுமா தெரியவில்லை. அதைச் சின்னத்தாய் மேலேயிருந்து பார்த்துவிட்டாள்.

"கூடையக் குடுங்கம்மா" என்றாள். "உங்க பேரச் சொல்லி நான் போடுறேன்."

பஞ்சம்மாள் ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, கூடையை ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். சின்னத்தாய் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக் குனிந்து வாங்கினாள். மேலேயிருந்து ஊற்றுவதை வாங்கித்தான் அதுவரை அவளுக்குப் பழக்கம். கீழேயிருந்து நீட்டியதை வாங்கத் தெரியாமல் கை தடுமாறி, கூடை கொஞ்சம் சாய்ந்து நாலு மல்லிகை உதிர்ந்தது.

சப்பரம் வந்தது. மூலையில் தண்டைத் திருப்ப ஆரம்பித்தார்கள். அம்மன் முகம் பால்கனிக்கு நேராக வந்து நின்றது. சின்னத்தாய், "பஞ்சம்மா அம்மா பேருக்குத் தாயே" என்று சொல்லி ஒரு கை அள்ளி விட்டாள். நேராகத் தலையில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இன்னொரு கை, இன்னொரு கை. அள்ள அள்ளக் கூடை குறைகிற மாதிரித் தெரியவில்லை, பெரிய வீட்டுக் கூடை அல்லவா. கூட நின்ற மூன்று பேரும் தங்கள் பூவைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவள் பிறத்தியாள் நேர்ச்சையை அவசரம் அவசரமாகச் செலுத்திக்கொண்டிருந்தாள். உன் பூ, உன் பூ என்று நான் கீழேயிருந்து கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. கூடை காலியானபோது சப்பரமும் திரும்பி முடித்தது. அம்மன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள். சின்னத்தாயின் கொட்டானில் செவ்வரளி வைத்தது வைத்தபடி இருந்தது.

அவள் அந்தக் கொட்டானைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் இறங்கி வந்தாள். பஞ்சம்மாளிடம் கூடையைக் கொடுக்க வேண்டும். ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எல்லாத் தெருவுக்கும் பொதுவான வழக்கம். வீட்டில் கொடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை, இருந்தாலும் அந்த வீட்டார் எங்கள் கையால் வாங்குவார்களா? கொட்டானை அப்படியே அந்தக் கூடையில் கவிழ்த்தாள். மல்லிகை இருந்த கூடையில் செவ்வரளி.

"வெறுங்கூடையாத் தரக்கூடாதுல்லம்மா" என்றாள்.

பஞ்சம்மாள் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலத்தெருவைப் பார்த்து நடந்தார். அந்தப் பூவை என்ன செய்தார் என்று தெரியாது. குப்பையில் கொட்டவில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அந்த வீட்டுக் குப்பையை அள்ளுவதும் எங்கள் தெருக்காரிதான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த வேலை நாளில் ஷெட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி வைதேன். பதிமூன்று வருசம் பாடுபட்டு அவுக பூவைப் போடத்தான் பால்கனி கட்டினயா என்று கேட்டேன்.

"நேர்ச்சைப் பூண்ணே, நின்னுபோனா குத்தம்" என்றாள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே. "எம்பூவு வெறும் ஆசைதான. அது ஒரு வருசம் பொறுக்கும்." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த பங்குனிக்கு ஊர்க்கூட்டத்தில் அந்தச் சாஸ்திரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. வந்த வழியே போய்விட்டது. கோட்டைச்சாமி வீட்டு மாடியில் மறுபடியும் ஐம்பத்தோரு விளக்கு ஏறியது. சின்னத்தாய் பால்கனியில் அந்த வருசம் காகிதத் தாமரை மட்டுமே முந்நூறு. பொங்கல் அன்று மத்தியானம் நான் அவள் வீட்டில் சங்கிலி மாலைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். ராமுத்தாய் தலையில் பூக்கூடையோடு வந்து நின்றாள்.

"அம்மா குடுத்துவிட்டாக" என்றாள். "அங்கன ஒசரம் சாஸ்தியாம். போடுற பூவெல்லாம் காத்துல பறந்து பின்னால வாரவுக மேல விழுதாம். இங்கன இருந்து போட்டாத்தான் அம்மன் தலையில விழுதுன்னு போன வருசந்தான் கண்டுக்கிட்டாகளாம். நீயே போட்டுருவியாம்."

அப்படியானால் இருபத்திரண்டு வருச நேர்ச்சையும் யார் யார் தலையிலோ விழுந்திருக்கிறது. நான் ஆணியை விட்டுவிட்டுச் சின்னத்தாய் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையை வாங்கினாள், பூ வாடாமல் ஈரத்துணி போட்டு மூடினாள், பால்கனி மூலையில் பத்திரமாக வைத்தாள்.

"முடிஞ்ச மட்டும் போடுறேன்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் சப்பரம் மூலைக்கு வந்து, தண்டு திரும்ப ஆரம்பித்தது. சின்னத்தாய் தன் கொட்டானை எடுத்தாள். அவசரமே படவில்லை. ஒவ்வொரு அரளியாக எடுத்து அம்மன் தலையில் வைக்கிற மாதிரிப் போட்டாள். கொட்டானைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்த கடைசி இதழையும் உதறினாள். அதற்குப் பிறகுதான் பஞ்சம்மாள் கூடைப் பக்கம் குனிந்தாள்.